காற்றுத்திறப்பு

அந்த ஆலையில் அவருக்குக் 'கசிவு அண்ணன்' என்று பெயர். குழாயில் காதை வைத்தே எந்த வால்வு உள்ளே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். வால்வுகளைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும், பிரித்துத் துடைத்து மறுபடி மாட்டுவதுமாக இருபத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. முழங்கால்கள் தேய்ந்துவிட்டன; வால்வில் தேயும் கேஸ்கட்டைப் போல மாற்ற முடிந்திருந்தால் எப்போதோ மாற்றியிருப்பார்.

அன்று மூன்று மணிக்கு அவர் மனைவிக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. மிஞ்சியிருந்த கண்ணில்தான் கத்தி வைக்கப்போகிறார்கள். "பக்கத்துல இருங்க, அது போதும்" என்று மட்டும் கேட்டிருந்தாள். பன்னிரண்டுக்கே கிளம்பிவிடுவதாக அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

இரசாயனத் தொட்டிக்குக் குளிர்நீர் விடும் புதிய வால்வைக் காலையிலேயே பொருத்தியாகிவிட்டது. கடைசிச் சோதனையாக, அதை இயக்கும் காற்றை நிறுத்தினார். காற்று நின்றால் வால்வு தானே திறந்து, தொட்டி சூடேறாமல் காக்க வேண்டும். வால்வின் தண்டோ மெல்ல இறங்கியது, வால்வு மூடிக்கொண்டது.

வால்வுத் தேர்வுப் படிவத்தைப் புரட்டினார். 'காற்றுத்திறப்பு' என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. காற்று நின்றால் திறப்பது என்று எண்ணி அவர் எழுதினார். காற்று வந்தால் திறப்பது என்று விற்றவர்கள் படித்தார்கள். அந்தத் தொகைச்சொல் இரண்டு பொருளுக்கும் இடங்கொடுத்தது.

மேற்பார்வையாளர் வந்தாள். "முடிஞ்சுதா அண்ணே? கையெழுத்துப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

காற்று நின்றுபோனது ஆறு ஆண்டுகளில் இரண்டே முறைதான். அவர் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"இல்லம்மா. வால்வு தலைகீழா வேலை செய்யுது. ஸ்பிரிங்கைக் கழட்டி அடிப்பக்கம் மாத்தணும். மூணு மணி நேரம் ஆகும்."

"தொட்டியில விட வேண்டிய கலவை தயாரா இருக்கே, நாலு மணிக்கு மேல தாங்காதே. வேற ஆளும் இல்ல. யாரு பண்ண தப்பு?"

"நான் எழுதினதுதான்."

மனைவிக்குப் போன் செய்தார். "கிளம்பல. ஒரு வால்வைத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்."

"குழாய் ஒழுகினா மட்டும் காது கேக்கும் உங்களுக்கு."

"உன் தங்கச்சியை வரச் சொல்லு."

"அவ வந்து ஒரு மணி நேரமாச்சு. உங்க வாக்கு எனக்குத் தெரியாதா?"

மூன்றரைக்கு மறுபடி காற்றை நிறுத்தினார். தண்டு உயர்ந்தது, குழாயில் நீர் இரைந்து ஓடியது. படிவத்தில் பழைய சொல்லை அடித்துவிட்டு, 'காற்று நின்றால் திறக்க வேண்டும்' என்று முழுவாக்கியமாக எழுதிக் கையெழுத்திட்டார்.

போன் ஒலித்தது. மனைவியின் தங்கை.

"கட்டுப் போட்டிருக்காங்க மாமா. பார்வை எப்படின்னு நாளைக்குத்தான் தெரியுமாம். நீங்க வந்துட்டீங்களான்னு அக்கா கேட்டா."

"என்ன சொன்ன?"

"வாசல்ல டாக்டர்கிட்டப் பேசிட்டு இருக்கீங்கன்னு சொல்லியிருக்கேன். எவ்வளவு நேரந்தான் பேசுவீங்க? சீக்கிரம் வாங்க."

கையில் கிரீஸோடு அவர் ஆலை வாசலை நோக்கி நடந்தார்.