அவசர அக்கா எழுதிய பொறுமை

லிஃப்ட் பொத்தானை அழுத்தியவர் மறுபடியும் அழுத்துகிறார். அது வந்து நிற்கும்வரை விரல் பொத்தானை விட்டு நகராது. இன்னொரு கையில் கைபேசி. "கெளம்பிட்டியா? செருப்பு மாட்டிட்டியா? எங்க வந்துட்டே?" மறுமுனையில் மகள், "அம்மா, இன்னும் பல்லே வெளக்கல" என்கிறாள். அலுவலகத்தில் இவருக்கு 'அவசர அக்கா' என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அதற்கும் நேரம் கிடையாது.

இப்படிப்பட்டவர் கையில் அந்த வேலை போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை. மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொடுக்க முன்வருபவர்களைத் தேடித் தரும் மென்பொருள் அது. ஒரே ஒருவர் போதும் என்றாலும், பழைய நிரல் லட்சக்கணக்கான பெயர்களையும் அலசிக் குவித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அதற்குள் கணினி திணறிப்போகும். கணினிக்குக் கட்டளை எழுத உதவும் நிரல்மொழியில் ஏற்கெனவே இருந்த கருவிகளோடு அக்கா தாமே எழுதிய சில கட்டளைகளைச் சேர்த்தார்: வடிகட்டு, மாற்று, இத்தனை போதும். இவை எதுவும் முன்கூட்டியே ஓடாது. ஒரு பெயர் கேட்டால் ஒன்றை மட்டும் தேடிக் கொடுத்துவிட்டு, அடுத்து யாராவது கேட்கும்வரை அங்கேயே நிற்கும்.

"கேக்காம ஏன் செய்யணும்? கேட்டா செஞ்சா போதும்" என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் விளக்குவார். யார் சொல்வது பாருங்கள்! யாரும் கேட்காமலே ஊர் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்பவர்.

நேற்று மேலாளர் முன்னால் சோதனை. தேறாவிட்டால் பழைய நிரலே திரும்ப வந்துவிடும். அக்காவின் மாதக்கணக்கான உழைப்பு குப்பைக்குப் போகும். மேலாளர் ஒரு ரத்த வகையைத் தட்டினார். திரை வெறிச்சென்று கிடந்தது.

"என்னம்மா, ஒருத்தர்கூடவா இல்ல?"

அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். நிரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கை நின்றது. காலையில் மனசு கேட்காமல், பெயர்கள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பதற்காக ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அந்த வரிதான் முந்திக்கொண்டு எல்லாப் பெயரையும் கேட்டு வாங்கிவிட்டது. ஒரு தேடலில் ஒருமுறை கொடுத்த பெயரை நிரல் மறுமுறை கொடுக்காது.

"நானே எல்லாத்தையும் வாங்கிப் பாத்துட்டேன் சார். நீங்க கேக்கறப்போ மிச்சமே இல்ல." பாவம், அழுதுவிடுவார் போலிருந்தது.

அந்த வரியை அழித்து, நிரலை முதலிலிருந்து ஓடவிட்டார். "இப்ப தட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.

"வருதும்மா" என்றார் மேலாளர். "ஒருத்தர்... இதோ, இன்னொருத்தர்..."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.