கோட்டு போட்ட அப்பா

பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. சமையலறை மேசையில்தான் என் வேலை. பாலிமர் கிளே என்கிற செயற்கைக் களிமண்ணில் ஜிமிக்கி, தோடு, மாலை செய்வேன். பிசைந்து, உருவம் பிடித்து, சின்ன ஓவனில் சுட்டால் கெட்டியாகிவிடும். சுடுவதற்கு முன் இந்த ஊர் வெயிலுக்குக் குழைந்துபோகும். அதனால் ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைப்பேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் மைலோ சாக்லேட் நிறக் கட்டியைக் கடித்துப் பார்த்தார். மிச்சத்தைத் திரும்ப வைத்துவிட்டார்.

பொம்மையும் செய்வேன். கல்யாணக் கேக் மேல் வைக்கிற மாப்பிள்ளை, பொண்ணு. முகம் அப்படியே வருகிறது என்று ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அதைக் கேட்டுக் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம். அவர் வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர், போன வருடம் தவறிவிட்டார். அப்பா இல்லாமல் கேக் வெட்டமாட்டேன் என்கிறாளாம் மகள். கேக் மேசையில் அவர் பொம்மை நிற்க வேண்டும். ஃபோனில் படத்தைக் காட்டினார். கருமக்கிரியை அறிவிப்பில் போட்ட படம். கோட்டு, டை, பின்னால் நீல வானம்.

படத்தைப் பார்த்துச் செய்தேன். கோட்டுக் காலருக்கே ஒரு பகல் போயிற்று.

வாங்கிப் போக மகளும் வந்தாள். பெட்டியைத் திறந்தாள்.

"யாரும்மா இந்த அங்கிள்?"

"அப்பாதான்" என்றார் அம்மா.

"அப்பா எப்பம்மா கோட்டு போட்டாரு? பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காரு லா."

அம்மா என்னைப் பார்த்தார். "படக்கடையில ஒட்டுன கோட்டுங்க அது. எல்லாருக்கும் அதான் ஒட்டுறாங்க."

எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் மாமனார் அதே கோட்டில்தான் இருக்கிறார். அதே டை. தெரிந்தும் செய்தேன். மரியாதை என்று நினைத்தேன்.

மகள் பெட்டியை மூடினாள். "இவர வச்சுக்கிட்டு நான் கேக் வெட்டமாட்டேன்க்கா."

சுட்ட கிளே மறுபடி குழையாது. உட்காரச் சொன்னேன். அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டேன்.

"வயிறு இருக்கும்" என்றாள்.

"ரொம்பவா?"

"ஸ்டியரிங்ல இடிக்கும்."

"அவ்வளோ இல்ல" என்றார் அம்மா. கொஞ்சம் கழித்து, "இடிக்கும்" என்றார்.

"வயித்துக்கிட்ட பட்டன் போடமாட்டாரு. போடச் சொன்னா மூச்சு முட்டுதும்பாரு" என்றாள் மகள்.

"சிரிப்பாரா?"

"எதுக்கு?" என்றார் அம்மா.

அப்படியானால் முகம் சரி. கத்தியை எடுத்துத் தலையை அறுத்தேன். இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு, கேட்டு வைத்தபடி புது உடம்பு செய்தேன். வெள்ளை அரைக்கைச் சட்டை. பாக்கெட்டில் சீப்பு. வயிற்றில் பட்டன் திறந்து, உள்ளே பனியன். அதன் மேல் பழைய தலை. வெள்ளை சீக்கிரம் பழுப்பாகும், அலுமினியத் தாள் மூடிச் சுட்டேன். தலையில்லாத கோட்டு உடம்பை ஜன்னலோரம் வைத்தேன். யாருக்கும் பொருந்தும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இருவரும் வந்தார்கள். மகள் பெட்டியைத் திறந்தாள். யார் என்று கேட்கவில்லை. விரல் நுனியால் சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்க்கப் பார்த்தாள்.

"பட்டன போடுங்கப்பா. ஆளுங்க வருவாங்க."

சேரவில்லை. சுட்டது சேராது.

அம்மா கார் சாவியை எடுத்தார். மகள் பெட்டியை மூடவில்லை. திறந்தபடியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள்.