காலி வண்டியின் எடை

இருபத்தாறு வருடங்களாகத் தினமும் டைரி எழுதுகிறேன். மழை பெய்ததா, ரயில் எத்தனை நிமிடம் தாமதம், யாருக்குக் காய்ச்சல், எல்லாம் அதில் இருக்கும். பேய் என்ற சொல் அத்தனை டைரிகளிலும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் 'பேய் மழை' என்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு இந்த ஆளுக்கு ஏற்கெனவே இந்த மாதிரி நம்பிக்கை இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இல்லை. இப்போதும் இருக்கிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

தங்கவயலில் நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடியபோது எனக்கு வயது இருபத்தெட்டு. அதன்பிறகு மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் போய், இரவு ரயிலில் திரும்பி, ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். முழங்கால் தேய்ந்துபோனது. ஐம்பது வயது தாண்டியதும் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி அந்த ரயிலில் ஏறுவதில்லை, சொந்தமாக ஒரு பெரிய பிக்கப் வாங்கி லோடு அடிப்பது.

என் மனைவி கஸ்தூரி மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "தக்காளி சீசன் வரைக்கும் பாருங்க. நெலையா ஒரு லோடு கெடைக்கலன்னா வண்டிய குடுத்துட்டு பழையபடி ரயில புடிங்க. வீட்ல ரெண்டு பேரும் ஒக்காந்துகினு வாசல்ல நிக்கிற வண்டிய பாத்துகினு இருக்க முடியாது."

பங்காருபேட்டையில் பழைய வண்டிகள் விற்கும் இடத்தில் வண்டியைப் பார்த்தோம். வெள்ளை நிறம், ஒரே ஓனர், டயர் நான்கும் ஒரே சமயத்தில் மாற்றியவை. கஸ்தூரியின் தம்பி தேவராஜ், கனரகத் தொழிற்சாலையில் மெக்கானிக், கூட வந்தான். நான் சேஸிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன், பின்னால் சரக்கு ஏற்றும் பாடியின் நீளத்தை டேப் வைத்து அளந்தேன், பின்கதவை இருபது முறை திறந்து மூடினேன். புரோக்கர் கொட்டாவி விட்டார்.

"மாமா, எங்க அக்காவ பொண்ணு பாக்க வந்தப்ப இவ்ளோ நேரம் பாக்கலயே நீங்க," என்றான் தேவராஜ்.

"அப்ப பாத்திருந்தா நீ எனக்கு மச்சானா வந்திருப்பியா?" என்றேன். புரோக்கர் மட்டும் சிரித்தார்.

வண்டி வாங்கி மூன்றரை மாதம் சில்லறை லோடுகளாக ஓடியது: சிமெண்ட், வீடு மாற்றுகிறவர்களின் கட்டில் பீரோ, ஒரு முறை கல்யாண நாற்காலிகள். நான் வைத்திருந்த ஒரே விதி, பின்பக்கம் ஆள் ஏற்றுவதில்லை என்பது. வேலைக்குப் போகும் பெண்கள் வழியில் கை காட்டுவார்கள். நிறுத்தமாட்டேன். திட்டுவார்கள்.

பிறகு பூதிகோட்டையில் முனியப்பா என்ற தக்காளி விவசாயி ஒரு நாள் சோதனை ஓட்டம் கொடுத்தார். காலையில் ஒரு லோடு தங்கவயல் மார்க்கெட்டுக்கு, மதியம் மூன்று மணிக்குள் திரும்பி வந்து இரண்டாவது லோடு பங்காருபேட்டைக்கு. இரண்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சீசன் முழுக்க என் வண்டிதான். "மூணுன்னா மூணு சாரு. நான் காத்துகினு இருப்பேன், தக்காளி இருக்காது," என்றார். தெலுங்குக்காரர், தமிழை மெதுவாக, எண்ணி எண்ணிப் பேசுவார். ஒவ்வொரு லோடுக்கு முன்னும் காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி அவருக்குச் சீட்டு கொண்டுவர வேண்டும். லோடு ஏற்றிய பிறகு இன்னொரு சீட்டு. வித்தியாசம்தான் தக்காளியின் எடை.

முதல் லோடை ஒன்பதரைக்கு இறக்கினேன். பெட்டிகளைத் திரும்ப வாங்குவதில் மார்க்கெட்டில் நேரமாகிவிட்டது. கடைசியில் அவற்றை அடுத்த நாள் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். வெறும் பாடியோடு கிளம்பி, பாலகாட் பக்கம் சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாஃப்ட்டின் வேலி ஓரமாக, சுரங்கக் கழிவான வெள்ளை மண்மேட்டின் நிழலில் வண்டியை நிறுத்தி, கஸ்தூரி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். மணி ஒன்று பத்து. நல்ல வெயில். ஒரு ஆடுகூட அங்கே இல்லை.

டப்பாவை மூடும்போது முதுகுக்குப் பின்னால், கேபின் தகரத்தில், தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை.

இங்கே ஒன்று விளக்க வேண்டும். சுரங்கத்தில் நான் ஆறு வருடம் பார்த்த வேலை, ஷாஃப்ட்டின் மேல்வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிப்பது. ஒரு மணி என்றால் நில். மூன்று மணி என்றால் ஆட்கள் ஏறிவிட்டார்கள். கீழேயிருந்து மூன்று வந்தால், மேலே இருப்பவன் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். அடித்த பிறகுதான் கேஜ் நகரும். திருப்பி அடித்துவிட்டால் அந்த ஆட்கள் உன் பொறுப்பு, கடைசி ஆள் வெளியே இறங்கும்வரை நீ அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. இந்த வேலையை ஒரு நாளைக்கு நூறு முறை செய்த கைக்கு யோசனை தேவைப்படாது.

நம்பினால் நம்புங்கள், நான் யோசிக்கவே இல்லை. என் வலது கை ஜன்னல் வழியாக வெளியே போய் கதவுத் தகரத்தில் மூன்று முறை திருப்பித் தட்டிவிட்டது. சீரான இடைவெளியில்.

தட்டிய பிறகுதான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாடி காலி. காலையில் நசுங்கிய ஒரு தக்காளி மட்டும் மூலையில். வண்டிக்கடியிலும் பார்த்தேன். பிறகு கிளம்பினேன், வேறென்ன செய்வது.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காலி வண்டி குதிக்கும். வேகத்தடையில் பின்பக்கம் எகிறும், பின்கதவுச் சங்கிலி கடகடவென்று அடிக்கும். லோடு இருந்தால் வண்டி அடங்கி உட்கார்ந்து போகும். அன்று முதல் வேகத்தடையில் வண்டி அடங்கிப் போனது. சங்கிலி சத்தம் இல்லை. சின்ன ஏற்றத்தில் மூன்றாவது கியர் இழுக்காமல் இரண்டாவதுக்கு வந்தேன்.

ஒன்றே முக்காலுக்கு எடைமேடை. அங்கே எடை போடுகிறவன் நஞ்சுண்டன், கன்னடக்காரன், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் எங்களைவிட வேகமாக வரும். என் வண்டியின் காலி எடை அவனுக்கு மனப்பாடம்: நான் உள்ளே இருந்தால் 1,830 கிலோ, இறங்கி நின்றால் 1,760. அன்று காட்டியது 2,430.

"இன்னா சார், காத்த மூட்ட கட்டி ஏத்திகினு வந்தீங்களா?" என்று வெளியே வந்து பாடிக்குள் எட்டிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. வண்டியை இறக்கச் சொன்னான், மேடையை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான், பின்னால் நின்ற டிராக்டரை ஏற்றினான், அது சரியாக வந்தது. என் வண்டியை மறுபடி ஏற்றினான். 2,430.

அறுநூறு கிலோ கூடுதல். எங்கள் கேஜில் ஒரு அடுக்குக்குப் பத்துப் பேர். அரைப் பட்டினியாக உழைத்த ஆட்களுக்கு ஆளுக்கு அறுபது கிலோ சரியாக இருக்கும். இந்தக் கணக்கை நான் போட விரும்பவில்லை, தானாகவே வந்துவிட்டது.

மணி இரண்டாகப் போகிறது. பூதிகோட்டைக்கு அங்கிருந்து அரை மணிக்கும் குறைவு. ஆனால் இந்த எடையோடு போனால் முனியப்பாவின் அறுபது பெட்டிகளை ஏற்ற முடியாது, பாதியில் வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் எடை அளவு நிரம்பிவிடும். இவர்களை இறக்கிவிட்டு வரலாமென்றால் மூன்று மணிக்குள் திரும்ப முடியாது. சீசன் போய்விடும், ரயில்தான். எடைமேடை ஓரமாக நிறுத்தி நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பயம் என்று சொல்லமாட்டேன். மணியைத் திருப்பி அடித்தவன் நான். ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகிற வழக்கம் எங்கள் ஷாஃப்ட்டில் கிடையாது.

வண்டியைத் திருப்பி மாரிகுப்பத்துக்கு ஓட்டினேன். ஷிஃப்ட் முடிந்தவர்கள் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத்தான் போவார்கள், வேறெங்கே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், தகரத்தில் ஒரு தட்டு. நிறுத்தினேன். பின்கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன்.

பின் ஸ்பிரிங் 'கிறீச்' என்றது, பாடி ஒரு விரல்கடை உயர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். நான் எண்ணினேன், வாய்க்குள்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டார். "இன்னா அண்ணா, காலி வண்டிய தொறந்து வெச்சிகினு யாருக்கு வழி உட்டுகினு கீற?"

"பாடி காயட்டும்னுதான்மா."

"அடிக்கிற வெயிலுக்கு நீதான் காஞ்சி போவ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து முறை ஸ்பிரிங் சத்தம் கேட்டது. முடிந்தது என்று பின்கதவில் கை வைத்தேன். அப்போது பதினோராவது முறையும் கேட்டது. காத்திருந்தேன். அதன்பிறகு ஒன்றும் இல்லை. நாடி பிடித்துப் பார்த்தேன், எண்பத்து நான்கு. வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் சங்கிலி கடகடத்தது. வேகத்தடையில் வண்டி குதித்தது. எடைமேடையில் ஏற்றினேன்.

"அப்பாடா, எறங்கிடுச்சி சார்," என்று நஞ்சுண்டன் உள்ளேயிருந்து கத்தினான். "ஆயிரத்து எழுநூத்து அறுவது. நீங்க எறங்கிட்டீங்கல்ல?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை, உள்ளேதான் இருக்கிறேன் என்றேன். அவன் ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தான், உள்ளே போய் எண்ணைப் பார்த்தான். என்னை இறங்கச் சொன்னான். 1,760. ஏறச் சொன்னான். 1,760. பிறகு அவனே ஏறி உட்கார்ந்தான், நான் தரையில் நின்று எண்ணைப் பார்த்தேன்: 1,820. அவன் உட்கார்ந்திருக்கும்போதே நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். வெளியே நின்ற டிராக்டர்காரரை எண்ணைப் படிக்கச் சொன்னோம். அதே 1,820தான். நஞ்சுண்டன் இறங்கிப் போய் சீட்டு எழுதிக் கொடுத்தான்.

பூதிகோட்டை போய்ச் சேர்ந்தபோது மூன்று ஐம்பது. முனியப்பாவின் களத்தில் தக்காளி இல்லை. வேறொரு பிக்கப் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. "நல்ல மனுசன்னு நெனச்சேன் சாரு," என்றார், அவ்வளவுதான். கஸ்தூரியிடம் பஞ்சர் என்று சொன்னேன். மறுநாள் அவள் பரணிலிருந்து என் ரயில் பையை இறக்கி, துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து முனியப்பாவே வீடு தேடி வந்தார். அந்த இன்னொரு வண்டிக்காரன் அளவுக்கு மேல் ஏற்றி வழியில் பிடிபட்டுவிட்டானாம். "எடைமேடைக்காரன் சொல்றான், உங்க வண்டியில மத்த வண்டிய விட மூணு பெட்டி ஜாஸ்தி ஏத்தலாம்னு. சட்டப்படியே. அது எப்படி சாரு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையும் அதுதான். வண்டியும் ஓட்டுநரும் சரக்கும் சேர்ந்துதான் அளவு. ஓட்டுநருக்கு எடை இல்லையென்றால் அந்த எழுபது கிலோவைத் தக்காளிக்குக் கொடுக்கலாம், சரியாக மூன்று பெட்டி.

சீசன் முழுக்க என் வண்டிதான் ஓடியது, அடுத்ததும் எனக்கே என்று சொல்லியிருக்கிறார். ரயிலுக்குப் போக வேண்டிய தேவை வரவில்லை. மருந்துக்கடை எடை மெஷினில் ஏறிப் பார்த்தேன், எழுபது கிலோ சரியாக இருக்கிறேன். வேறு வண்டிகளில் தேவராஜோடு போய் எடை போட்டும் பார்த்தாயிற்று, அங்கேயும் எழுபது. அந்தப் பதினோராவது சத்தத்திலிருந்து என் வண்டியில் மட்டும்தான் இல்லை. தேவராஜ் இதைக் கேட்டுவிட்டு மேடையின் சென்சாரைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினான். அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

நஞ்சுண்டன் இப்போதெல்லாம் என்னிடம் ஜோக் அடிப்பதில்லை. நான் மேடையில் வண்டியை ஏற்றியதும், எண்ணைப் பார்ப்பதற்கு முன், தலையை வெளியே நீட்டிக் கூப்பிடுகிறான்.

"சார், உள்ள கீறீங்களா?"

"கீறேன்," என்று சொல்கிறேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு ஒவ்வொரு தடவையும் சற்று நேரம் பிடிக்கிறது.