கைரேகை மெஷினின் முகவரி

அம்பத்தூரில் எங்கள் கம்பெனியில் சர்வர் இணைப்பு அன்று காலை முதல் விட்டுவிட்டு அறுந்தது. பில் போட முடியாமல் லாரிகள் வாசலில் நின்றன. அங்கே கம்ப்யூட்டர் வேலைகளை நானும் ஜெயந்தியும் பார்த்தோம். முந்தின நாள் புது கம்ப்யூட்டர் மாட்டிய ஜெயந்திதான் காரணம் என்று மேனேஜரிடம் சொன்னேன். திட்டு வாங்கி அவள் அழுதாள்.

செக்யூரிட்டி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், நேத்து கேட்டாண்ட நீ மாட்டுன அட்டென்டன்ஸ் கைரேகை மெஷினு ஒயரு லூசா கீது. அது ஆஃப் ஆனா உள்ள வேலை நடக்குது. ஆன் ஆனா நின்னுபூடுது. இன்னான்னு பாரு. மேனேஜராண்ட நான் சொல்லல, நீயே சொல்லிடுவ."

பார்த்தேன். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனி ஐ.பி. முகவரி வேண்டும்; நான் சர்வரின் முகவரியையே அதற்கும் கொடுத்திருந்ததால் இரண்டும் மோதின. மெஷினின் முகவரியை மாற்றியதும் சரியானது.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி, எல்லார் முன்னாலும் ஜெயந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் நான் வைக்காத நம்பிக்கையை செக்யூரிட்டி அண்ணன் என்னிடம் வைத்திருந்தார். அதற்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன்.