அக்கா பிடுங்கவிடாத கொடி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது மறதியும் அதிகம்.

அக்கா பிறந்ததும் வாழ்ந்ததும் கொட்டிவாக்கம்தான். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னைக் குளிப்பாட்டித் தலைவாரி வளர்த்தவர் அவரே. கல்யாணமான பிறகும் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார். இன்று மாடிவீடுகள் நிற்கும் கடலோர மணலில் அன்று மாமாவும் அக்காவும் குத்தகைக்குத் தர்பூசணி போட்டார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் அக்காதான் பழத்தைக் கீற்றுப் போட்டு விற்பார்.

அந்த மணலில் கோரை பிடுங்கப் பிடுங்க முளைக்கும். "இந்தத் தபா காய் இல்லன்னா நெலத்த வுட்டுட்டு வேற வேல பாத்துக்கலாம்மே" என்று மாமா சொல்லிவிட்டார். அக்கா முகம் வாடிவிட்டது. கோரை சாகும், தர்பூசணி தாங்கும், ஆனாலும் கொழுந்தில் படக்கூடாது என்று உரக்கடைக்காரர் ஒரு களைக்கொல்லி கொடுத்தார். அக்கா தெருவெல்லாம் வாளி, குண்டான் கேட்டு வாங்கி வந்து இளங்கொடிகள் மேல் கவிழ்த்தார்.

"இன்னாக்கா, கொடிக்குக் கொட புடிக்கிறியா?" என்று சிரித்தேன்.

"சிரிச்சிகினு நிக்காத. கடக்காத்து எழும்பறதுக்குள்ள அந்தக் குண்டானக் கொண்டா."

மருந்து அடித்து முடிப்பதற்குள் காற்று முந்திக்கொண்டது. வாளிகள் உருண்டன, மருந்து கொடியிலும் பட்டது. சில நாளில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொடி குன்றிப்போனது.

"தாங்கும்னானே, இதான் தாங்கற லட்சணமா? புடுங்கிப் போடு" என்றார் மாமா.

"யோவ், கைய வெச்சே, சோறு கெடையாது. வேரு நல்லாத்தான் கீது."

அக்கா தினமும் குனிந்து குனிந்து பார்த்தார். கோரை மட்டும் காய்ந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் "பச்ச வுட்ருச்சி!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காய் பிந்தித்தான் வந்தது, ஆனால் நல்ல இனிப்பு. நிலமும் பல வருடம் எங்களிடமே இருந்தது.

கடைசி நாட்களில் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். மாமா ஊட்டிய தர்பூசணித் துண்டை மென்றுவிட்டு, "தண்ணியாட்டம் கீதுய்யா, நம்புளுது இல்ல" என்றார்.

அன்று வாளி கொடுத்த வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் என் கும்பிடு.

ஒன்று மட்டும் சரிபார்க்க வேண்டும். முதல் பச்சை இலை கிணற்றுப் பக்கக் கொடியில் என்பார் அக்கா. சவுக்குத்தோப்புப் பக்கம் என்பேன் நான். ஆஸ்பத்திரியிலும் இதற்குச் சண்டை போட்டோம். மாமா படித்துப் பார்த்துத் திருத்தவும். அவருக்கும் நினைவில்லையென்றால், கிணற்றுப் பக்கம் என்றே இருக்கட்டும்.