இன்வெர்ட்டர் தாங்கும் விமானம்

மன்னார்புரத்தில் இன்னாசிராஜ் வீடு எது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். 'பிளேன் ஓட்டுற சார்' என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். கல்லூரி அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை நாற்காலியைத் தேய்த்தவர். நிஜ விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. "ஏங்க, சிங்கப்பூர் போயிட்டுத் திரும்பறப்ப முக்குக் கடையில தயிர் வாங்கிட்டு வாங்க" என்பாள் மனைவி அமலராணி.

இப்போது அவளுக்குக் கிண்டல் செய்ய மூச்சில்லை. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற நோய். கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். கரண்டு போனால் இன்வெர்ட்டர்தான் கதி.

நோயைவிட அவளை அரித்தது ஒரு நேர்ச்சை. மகள் பெலிண்டாவுக்கு வருஷக்கணக்கில் குழந்தையில்லாதபோது, பிள்ளை பிறந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டாள். பிள்ளை பிறந்தது. அதற்குள் இவளுக்குக் கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடப்பதே மலையாகிவிட்டது. காரில் கூட்டிப்போகவும் டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். மணப்பாறைப் பக்கமிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் தெருமுனையைத் தாண்டும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்லி அழுவாள். "சொன்ன வாக்கைக் காப்பாத்தாமலே போகப் போறேங்க."

இன்னாசிராஜுக்குக் கைவந்தது ஒன்றே ஒன்றுதான். "நான் பிளேன்ல கூட்டிட்டுப் போறேன், அமலா."

சிரிப்பாள் என்று நினைத்தார். அவளோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாதியில நிக்கக் கூடாதுங்க. நடக்கிறவங்க புறப்பட்டா வழியில திரும்ப மாட்டாங்க. நின்னுட்டா நேர்ச்சை போச்சு."

சிக்கலே அங்கேதான். வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கரண்டோ நினைத்தபோது போகும். அவருடைய பழைய கம்ப்யூட்டர் சரியான கரண்டுத் தீனி. ஆக்சிஜன் மெஷினோடு சேர்த்துப் போட்டாலே இன்வெர்ட்டர் கத்தும். பெரிய இன்வெர்ட்டரை இந்த வீட்டு வயரிங் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார். ஆகவே கொஞ்சமாகக் கரண்டு இழுக்கிற ஒரு பிராசசரைத் தேடி, பித்துப் பிடித்தவர்போல கடைகடையாக அலைந்தார்.

"வேகமும் வேணும், கரண்டும் இழுக்கக் கூடாதுன்னா எங்க சார் போறது?" என்றார் கம்ப்யூட்டர் கடை சேக் மைதீன்.

"மெதுவாப் போனாலும் பரவாயில்ல பாய். நிக்கக் கூடாது."

விஷயத்தைக் கேட்டபின் அவர் உள்ளே போய், கிராபிக்ஸும் சேர்ந்தே இருக்கிற சின்ன சிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். "தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் சார். ஆனா பெட்டி மேல போட்டிருக்கிற வாட்ஸை நம்பிடாதீங்க. வேலை கூடினா இழுப்பும் கூடும். ஓட்டிப் பார்த்து அளந்துக்குங்க."

அளந்தார். பிளக்கில் மீட்டரைச் செருகி, கரண்டு இருக்கும்போதே லால்குடி வயல்களின் மேல் திரும்பத் திரும்பப் பறந்தார். பச்சை வயல், வாய்க்கால், மேலே வானம். மீட்டர் ஏறவேயில்லை. அந்தச் சந்தோஷத்தில் மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வேளாங்கண்ணிக் கோயிலை விளையாட்டுக்குள் அச்சு அசலாக இறக்கினார். கொடிமரம் வைத்தார். அமலா தனியாகப் போய் நிற்கக் கூடாதென்று கடற்கரை முழுக்கக் காவி உடுத்திய கூட்டத்தையும் நிரப்பினார். அங்கே மட்டும் அவர் பறந்து பார்க்கவில்லை. அதை அவளோடு சேர்ந்துதான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை.

கொடியேற்றத்தன்று அமலராணி பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. காவிச் சேலை உடுத்தித் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். விமானம் கிளம்பி, ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே திரும்பியது. தஞ்சாவூர் வந்தது, நீடாமங்கலம் போனது. அவள் உதடு ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தது. திருவாரூர் தாண்டியபோது கரண்டு போனது. மின்விசிறி நின்றது, விமானம் நிற்கவில்லை. இன்னாசிராஜ் அழாத குறையாகச் சிரித்தார்.

கடல் தெரிந்தது. வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. கூடவே இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. அத்தனை ஜனத்தையும் கட்டிடத்தையும் வரைய அந்தச் சின்ன சிப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்டை இழுக்கிறது. தான் ஆசை ஆசையாய் நிரப்பிய கூட்டம். அதை அழிக்க எந்த மெனுவில் போக வேண்டும் என்று தேடினார், கிடைக்கவில்லை. கீச்சொலி நெருங்கி நெருங்கி வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் எல்லாமே அணைந்துவிடும். இரண்டு பிளக்கில் ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும்.

"என் மெஷினை எடுங்க" என்றாள் அமலராணி.

"அமலா, உன்னால முடியாதும்மா."

"நான் மூச்சைப் பிடிச்சுக்கிறேன். எடுங்க. இதோ வந்துட்டோம்ல."

அவர் குனிந்தார். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார். கோயிலும் கூட்டமும் கடலும் ஒரே நொடியில் இருண்டன. இன்வெர்ட்டரின் கீச்சொலி அடங்கியது. ஆக்சிஜன் மெஷின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அமலராணி அந்தக் கறுப்புத் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "எனக்காகவா நிறுத்துனீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"இல்ல அமலா, எனக்காகத்தான்" என்றார்.