கொடுவாத் தலை யாருக்கு?

கொடுவா மீனின் தலை ஒன்று, குழம்பு சொட்டச் சொட்ட, என் இலையைத் தாண்டிப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தது. செங்கல்பட்டில், மாமியார் வீட்டுக் கூடத்தில். வருஷங்கள் ஓடிவிட்டன, அந்தக் கரண்டி போன வழி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மீன் வாங்கி வந்தவன் நான். மாமல்லபுரம் கரையில் படகு வந்து ஏறும்போதே நின்று, ஏலத்தில் பெரிய பெரிய ஆட்களை மடக்கி எடுத்த மீன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடை சுமந்தவன், இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏசி போட்ட மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரன்கூட என் வறுவலைத் தின்றுவிட்டு என்னோடு படம் எடுத்துக்கொண்டு போகிறான். அந்த வீட்டுக்கு மூத்த மருமகனும் நானே. மாமனார் இருந்தவரை தலை அவருக்கு. அவருக்குப் பிறகு முறைப்படி எனக்கு. ஆனால் விருந்துக்கு விருந்து அது சகலைக்கே போனது.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்தினார். சட்டை கசங்காது, குரல் உயராது. அவர் வாயைத் திறந்தால் என் மனைவி மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நான் பேசும்போதுதான் அதை ஓடவிடுவாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருமுறை கை கழுவும் இடத்தில் கேட்டேவிட்டேன். "படிச்சவருக்குத் தலை, உழைச்சவனுக்கு வாலா சகல?"

அவர் கோபப்படவில்லை. "படிப்புக்காகன்னு எப்டி சொல்றீங்க அண்ணாத்த? நான் எப்பவும் சமையல்கட்டு ஓரமா குந்திக்கிறேன். அத்தைக்குக் கிட்ட இருக்கிறது என் இலைதான். ரெண்டு காரணம் கலந்து கெடக்குது. ஒண்ண மட்டும் மாத்திப் பாத்தாத்தான் தெரியும்."

அடுத்த விருந்தில் இருவரும் இடத்தை மட்டும் மாற்றி உட்காருவது என்று பேசிக்கொண்டோம். மற்றதெல்லாம் பழையபடி, மீன் உட்பட. மாமியார் காதில் விழக் கூடாது, விழுந்தால் அவர் கை தானாக மாறிவிடும் என்றார் சகலை. நான் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்த நாளும் வந்தது. சமையல்கட்டு ஓரம் நான். கரண்டி வந்தது, என்னைத் தாண்டியது, சகலையிடம் போய்க் கவிழ்ந்தது.

"பாத்தீங்களா? படிப்புதான்!" என்று அவர் காதைக் கடித்தேன்.

"இடம் இல்லன்னு தெரிஞ்சுது, அவ்ளோதான். படிப்புன்னு இன்னும் தெரியல."

"அப்ப அத்தையவே கேட்டுடறேன்."

"கேட்டா, உங்க மனசு நோவாத மாதிரி எதனா சொல்வாங்க அண்ணாத்த. அது பதில் ஆவாது."

கேட்டேன். எனக்கு நேர்வழிதான் தெரியும். மாமியார் கரண்டியோடு நின்றார்.

"இன்னா மாப்ள, கல்யாணமான புதுசுல நீங்கதான சொன்னீங்க? 'தலையெல்லாம் எங்க கரையில பூனைதான் துன்னும்'னு. அத்தப் போய் உங்களுக்கு எப்டி வெக்கிறது?"

கூடமே சிரித்தது. "பேசுன பேச்சு அப்டி," என்றாள் என் மனைவி. சகலை மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் காரணம் எனக்குத் தோணவே இல்ல," என்றார். அவருக்குத் தோன்றாததை ஒரே கேள்வியில் பிடித்தவன் நான். கடைக்கு வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறேன். ஆனாலும் அவர் சொன்னது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மாமியார் சொன்னது நிஜமா, என் மனசு நோகக் கூடாது என்று சொன்னதா?

அன்றிலிருந்து தலை எனக்குத்தான் வருகிறது. சகலை இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாமியார் பெரிய தலையாக என் இலையில் வைத்தார். நான் அதைத் தொடாமல் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சட்டிக்குத் திரும்பியது. அடிவரை துழாவி, மீனிலேயே ருசியான சினை ஒன்றை உடையாமல் முழுசாக எடுத்துக்கொண்டு போய்ச் சகலையின் இலையில் மெல்ல வைத்தது.

சினையைப் பற்றி நான் ஒருநாளும் குறைவாகப் பேசியதே இல்லை.